நெடுஞ்சாலையில் காதைக் காப்பது எப்படி? பைக் ஓட்டுபவர்களுக்கு ஓர் இயர் பிளக் வழிகாட்டி

சென்னையிலிருந்து மதுரை வரை பைக்கில் வந்து இறங்கியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வழக்கத்தைவிட உரக்கப் பேசுவார். நீங்கள் சொன்னதை "என்னது?" என்று மறுபடி கேட்பார். இரவில் விளக்கை அணைத்துப் படுத்தபின் அவர் காதுக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பயணக் களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார். காலையில் காது தெளிந்திருக்கும். உண்மையில் நடந்தது வேறு. ஏழெட்டு மணி நேரம் காற்றிரைச்சலில் அடிபட்ட காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கிறது. மந்தமாவதும் தெளிவதுமாக ஆண்டுகள் பல போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு அது முழுதாகத் தெளிவதில்லை.

இதைத் தடுக்க ஆகும் செலவு பத்து இருபது ரூபாய். நுரைப்பஞ்சால் ஆன ஒரு ஜோடி இயர் பிளக் போதும். ஜாக்கெட், கையுறை, முழங்கால் கவசம் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட இதை வாங்குவதில்லை. வாங்கியவர்களிலும் பலர் "போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் காதைச் சோதித்தால் பிளக் பாதிதான் உள்ளே போயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் எதை வாங்குவது என்பதைவிட எப்படிச் செருகுவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

புதிதாக ஓட்டுபவர்கள் இன்ஜினையும் சைலன்சரையும்தான் சந்தேகப்படுவார்கள். ஊருக்குள் அந்தச் சந்தேகம் நியாயம். மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டினால், காதில் விழுவதில் பெரும்பங்கு ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் சத்தம். சத்தமே போடாத மின்சார பைக்கில் 80-ல் போனாலும் இந்த இரைச்சலிலிருந்து தப்ப முடியாது.

ஹெல்மெட் தடுக்காதா என்று கேட்கலாம். தலையை அடியிலிருந்து காப்பதுதான் அதன் வேலை. நம் ஊர் ஹெல்மெட்டுகளுக்கான ஐ.எஸ். 4151 தரமும் அந்த வேலையைச் சோதிக்கத்தான். காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் உறுமும் சத்தம். அத்தகைய சத்தம் ஹெல்மெட்டின் வெளிக்கூட்டையும் உள்மெத்தையையும் எளிதாகக் கடந்துவிடும். போதாக்குறைக்குக் கழுத்துப் பக்கம் ஹெல்மெட் திறந்தே இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தபோது, ஹெல்மெட்டின் தாடைப் பகுதிக்குக் கீழே உருவாகும் கொந்தளிப்பு இரைச்சலுக்கு முக்கியமான காரணம் என்று கண்டார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணியை இறுக்கமாகக் கட்டி அந்த இடைவெளியை நிரப்பினால் சத்தம் ஓரளவு குறையும். ஆனால் ஓரளவுதான். முகம் திறந்த ஹெல்மெட் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முன்கண்ணாடி மாட்டியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடும் உயரமான கண்ணாடி நல்லது. காற்றை நெஞ்சிலிருந்து விலக்கி நேராக ஹெல்மெட்டின் விளிம்பில் கொண்டுபோய் மோதவிடும் குட்டைக் கண்ணாடியைவிடக் கண்ணாடியே இல்லாத பைக் அமைதியானது.

காது பார்ப்பது ஸ்பீடோமீட்டரை அல்ல, எதிரே வரும் காற்றின் வேகத்தை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனவர்களுக்கு இது புரியும். முப்பந்தல் காற்றாலைகளை நெருங்கும்போது ஸ்பீடோமீட்டர் 70 காட்டும். எதிர்க்காற்று 30 என்றால் காதுக்கு அது 100.

எவ்வளவு சத்தம் அதிகம்?

தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு எளிது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணி, 100 என்றால் கால் மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் சற்றுத் தாராளம். அவை 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன.

ஹெல்மெட்டுக்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சத்தம் 90 டெசிபலை ஒட்டியும், 100-ல் 95-க்கும் 100-க்கும் இடையிலும் இருக்கும். பைக்கையும் ஹெல்மெட்டையும் உங்கள் உயரத்தையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகம் 80 என்பதால், விதியை மீறாமல் ஓட்டுகிறவருக்கே சென்னையில் கிளம்பி விழுப்புரம் தாண்டுவதற்குள் அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும். மதுரைக்கு அங்கிருந்து இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கிறது.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே. மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து உயர்ந்த சுருதிகளை உணரும் செல்கள். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. "காது கேட்கிறது, ஆனால் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்" என்பதுதான் அவருடைய முதல் புகாராக இருக்கும்.

உங்கள் காது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. நீண்ட பயணம் கிளம்பும் முன் தொலைக்காட்சியில் செய்தி தெளிவாகக் கேட்க ஒலியளவு எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த உடனே அதே நாற்காலியில் அமர்ந்து அதே எண்ணில் கேளுங்கள். கூட்டத் தோன்றினால் காது மந்தமாகியிருக்கிறது. செல்போன் செயலியை ஹெல்மெட்டுக்குள் செருகி டெசிபல் அளக்கப் பார்ப்பது வீண் வேலை. மைக்கில் காற்று மோதி எண்களைக் கெடுத்துவிடும்.

ஹார்ன் கேட்குமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. லாரியின் பின்னால் "ஹார்ன் அடிக்கவும்" என்று எழுதி வைத்திருக்கும் நாட்டில் அது நியாயமான பயமும்கூட. நெடுஞ்சாலை வேகத்தில், கேட்கும் என்பதே விடை. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது காதை விரலால் கொஞ்சம் அடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் சொல்வதைப் பிடித்துக்கொள்கிறோமே, பிளக்கும் அதைத்தான் செய்கிறது. காற்றிரைச்சல், ஹார்ன் இரண்டையும் அது சேர்த்தே குறைக்கிறது. ஹார்ன் காற்றைவிட எவ்வளவு மேலே நின்றதோ ஏறக்குறைய அவ்வளவே மேலே நிற்கும். மிகையான சத்தத்தில் திணறிக்கொண்டிருந்த காது இப்போது திணறவில்லை என்பதால் பின்னால் வரும் பேருந்தின் ஹார்ன் துல்லியமாகவே விழும்.

ஆனால் இந்த வாதம் ஊருக்குள் எடுபடாது. 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றிரைச்சல் குறைவு. அங்கே பிளக் போட்டால், ஒதுங்கி வரும் ஆட்டோவின் சத்தம், பாதசாரியின் குரல் போன்றவை கரைந்துபோகும். பிளக் நெடுஞ்சாலைக்கான பொருள். ஊர் எல்லை வந்ததும் கழற்றிவிடுவதே சரி என்பது என் கட்சி. எங்கும் எப்போதும் போட வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சென்னையின் கத்திப்பாரா சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்க்கட்டும்.

எதை வாங்குவது?

முதல் தடவை வாங்குபவர் யோசிக்கவே வேண்டாம், நுரைப்பஞ்சு பிளக் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டால் மொத்தமாக, இன்னும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, கயிறு இல்லாத வகையாக இருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு வசதியான அந்தக் கயிறு ஹெல்மெட் பட்டையில் சிக்கிப் பிளக்கை இழுத்துவிடும். இரண்டு, காதுக்கேற்ற அளவு. சிறிய காதுத் துளை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்களில் பலர், சிறிய அளவு பிளக்கைத் தேட வேண்டும். ஒரு மணி நேரத்தில் காதுக்குள் அழுத்தி வலித்தால் பிளக் உங்களுக்குப் பெரிது என்று அர்த்தம். பழகினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

பொட்டலத்தில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், பிளக் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதைச் சொல்வது அது. ஐரோப்பியப் பொருளாக இருந்தால் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். பரவலாக விற்கும் 3எம் 1100 பிளக்கின் என்.ஆர்.ஆர். 29, எஸ்.என்.ஆர். 37. ஒரே பிளக்குக்கு இரண்டு எண் என்று குழம்ப வேண்டாம், சோதிக்கும் முறை வேறு. இது ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் செருகியபோது கிடைத்த எண் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஒரு கறாரான கணக்கு வைத்திருக்கிறது. என்.ஆர்.ஆர். எண்ணில் 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 29-ல் 7 போனால் 22, அதில் பாதி 11. ஹெல்மெட்டுக்குள் 95 டெசிபல் இருந்தால் இந்தக் கஞ்சத்தனமான கணக்கிலும் காதுக்கு வருவது 84. நியோஷ் சொல்லும் 85-க்குக் கீழே வந்துவிட்டோம். நன்றாகச் செருகினால் குறைவது இதைவிட அதிகம்.

அடுத்த வகை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிலிகோன் பிளக். சிலவற்றின் நடுவே ஒரு சிறு வடிகட்டி இருக்கும். நெதர்லாந்தின் ஆல்பைன் நிறுவனம் பைக் ஓட்டுபவர்களுக்கென்றே மோட்டோசேஃப் என்ற பெயரில் இப்படி ஒன்றை விற்கிறது. இவை குறைக்கும் சத்தம் நுரைப்பஞ்சைவிடக் குறைவு, ஆனால் பேச்சும் ஹார்னும் இயல்பாகக் கேட்கும். ஹெல்மெட்டில் இன்டர்காம் வைத்து நண்பர்களோடு பேசிக்கொண்டே போகிறவர்களுக்கு இது பொருத்தம். உருட்டிச் செருகும் வித்தை பிடிபடாதவர்களுக்கும் இதுவே வழி. மூன்றாவது, காதின் அச்சை எடுத்துச் செய்துதரும் பிளக். செவித்திறன் கருவி விற்கும் மையங்கள் சிலவற்றில் செய்து தருகிறார்கள். விலை ஆயிரங்களில் போகும். மாதம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டாதவருக்கு அது தேவையில்லை.

பஞ்சை உருட்டி வைப்பது, காதோடு சேர்த்துத் துண்டு கட்டுவது எல்லாம் குளிருக்கு ஆகும், இரைச்சலுக்கு ஆகாது. இரைச்சல் நீக்கும் இயர்போன் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை செவிப் பாதுகாப்புக் கருவியாகச் சோதிக்கப்பட்டவை அல்ல. மேலும் காற்றை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், காப்பாற்ற வந்ததே கெடுத்துவிடும்.

செருகும் முறை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முதல் பயிற்சியைச் சாலையோரத்தில் செய்யாதீர்கள். வீட்டில், கண்ணாடி முன்னால், நிதானமாகச் செய்யுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். செயினுக்கு எண்ணெய் போட்ட கையோடு பிளக்கைத் தொட்டால் அந்த அழுக்கு நேராகக் காதுக்குள் போகும். கையுறையைப் பிறகு மாட்டலாம். அதைப் போட்டுக்கொண்டு பிளக்கை உருட்ட முடியாது.

பிளக்கின் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். மெதுவாகத் தொடங்கி, போகப் போக அழுத்தத்தைக் கூட்டி, விளக்குத் திரி அளவுக்கு மெலிதாக வர வேண்டும். மடிக்கக் கூடாது, கசக்கவும் கூடாது. மடிப்போ சுருக்கமோ விழுந்தால் அதுவே பிறகு சத்தம் நுழையும் வாய்க்காலாகிவிடும். அப்படி விழுந்தால் விட்டுவிடுங்கள், பிளக் தானாக விரிந்ததும் மறுபடி உருட்டுங்கள்.

வலது காதில் செருக வேண்டுமானால், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதின் மேல்மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். காதுக் குழாய் நேரானதல்ல, வளைந்தது. மடலை இழுத்தால்தான் வளைவு நிமிர்ந்து வழி கிடைக்கும். இழுக்காமல் தள்ளினால் பிளக் வளைவில் முட்டி வாசலிலேயே நின்றுவிடும்.

இழுத்த நிலையிலேயே வலது கையால் உருட்டிய பிளக்கை உள்ளே விடுங்கள். குத்த வேண்டாம், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியே நுனி மட்டும் விரலால் பிடிக்கும் அளவுக்கு நிற்கட்டும். பிறகு விரல்நுனியால் அதை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, முப்பது வரை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுவதற்கு இரண்டு காரணங்கள். பிளக் விரியும்போது தன்னைத்தானே வெளியே தள்ளப் பார்க்கும், விரல் அதைத் தடுக்கிறது. தவிர, பத்தைத் தாண்டியதும் உங்கள் குரல் மாறுவது உங்களுக்கே கேட்கும். குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தால் வேலை நடக்கிறது. இடது காதுக்கு இதையே கை மாற்றிச் செய்யுங்கள்.

வெயில் காலத்தில் இந்த நுரை வேகமாக விரியும், குளிரில் மெதுவாக விரியும். சித்திரை வெயிலில் உளுந்தூர்பேட்டை பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு உருட்டினால், காதுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி விரிந்துவிடும். நிழலுக்குப் போய், உருட்டிய கையோடு செருகுங்கள். டிசம்பர் மாத ஊட்டியில் முப்பது எண்ணினால் போதாது, அறுபது வரை எண்ணுங்கள்.

சரியாக உட்கார்ந்ததா என்பதை எப்படி அறிவது? கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக் வெளியே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடி மூடித் திறங்கள். மூடும்போதும் திறக்கும்போதும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பிளக்கே தன் வேலையைச் செய்கிறது. மூடியதும் சட்டென்று அமைதியானால் பிளக் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பாதியில் நிற்கும் பிளக்கை விரலால் உள்ளே தள்ளிச் சரிசெய்ய முடியாது. தாழ்ந்த சுருதி உறுமல்தான் சிறு இடைவெளியிலும் முதலில் நுழைவது, நாம் தடுக்க நினைப்பதும் அதையேதான்.

ஹெல்மெட் மாட்டும்போது இன்னொரு கண்டம் இருக்கிறது. பட்டைகள் இரண்டையும் பிடித்து ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் நன்றாக விரித்து, நேராகக் கீழே இறக்குங்கள். அப்படியும் இப்படியும் ஆட்டி மாட்டினால் கன்னமெத்தை காதுமடலை மடக்கிப் பிளக்கை அசைத்துவிடும். தலையில் துணி முகமூடி அணிபவர்கள் பிளக்கைச் செருகிவிட்டு அதன்மேல் அணிய வேண்டும். ஹெல்மெட் மாட்டியபின் பிளக் காதை உள்நோக்கிக் குத்துவதுபோல் இருந்தால், நுனி மெத்தையில் இடிக்கிறது. நீளம் குறைந்த பிளக்குக்கு மாறுங்கள்.

முதல் சில பயணங்கள்

பழகிய சாலையில், பகலில், கூட்டமில்லாத நேரத்தில் தொடங்குங்கள். முதல் அனுபவம் விசித்திரமாகவே இருக்கும். உங்கள் மூச்சும் எச்சில் விழுங்கும் சத்தமும் பெரிதாகக் கேட்கும். காதை அடைத்தால் உடம்புக்குள்ளிருந்து வரும் ஒலி வெளியேற வழியின்றிப் பெருகுவதால் வருவது அது. ஓரிரு பயணங்களில் கவனத்திலிருந்து மறைந்துவிடும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது வேகம். நம்மில் பலர் வேகத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறோம். காற்றிரைச்சல் குறைந்ததும் 80 என்பது 60 போலத் தோன்றும், கை தானாக ஆக்ஸிலரேட்டரைத் திருகும். முதல் வாரத்தில் ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். கியர் மாற்ற இன்ஜின் சத்தத்தை நம்பியவர்கள் கைப்பிடியிலும் கால்மிதியிலும் தெரியும் அதிர்வைக் கவனித்தால் போதும், பழகிவிடும். இண்டிகேட்டரின் டிக் டிக் ஓசை கேட்காது என்பது இன்னொரு சிக்கல். வலது பக்கம் திரும்பி முடித்தபின்னும் விளக்கு மினுக்கிக்கொண்டே போகும், பின்னால் வருகிறவர் குழம்புவார். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் பொத்தானை ஒருமுறை அழுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் உட்கார்ந்து வருபவரையும் மறந்துவிடாதீர்கள். முன்கண்ணாடியின் மறைவு அவருக்குக் கிடைப்பதில்லை, பல பைக்குகளில் ஓட்டுபவரைவிட அவருக்கே காற்று அதிகம். அவருக்கும் ஒரு ஜோடி கொடுங்கள். சிறு குழந்தைகளுக்கு மட்டும் நுரைப்பஞ்சு பிளக் வேண்டாம். எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

எப்போது கழற்ற வேண்டும்?

ஊருக்குள் நுழைந்ததும். அடுத்தது மலைப்பாதை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டையூசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ யாரும் 80-ல் போவதில்லை. காற்றிரைச்சல் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கி வரும் பேருந்தின் ஹார்னோ கண்ணுக்கு முன்பே காதுக்குத்தான் வரும். அடிவாரத்தில் கழற்றிவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கிய காற்று காதை அடைத்ததுபோல் வலிக்கச் செய்யும். பிளக் இல்லையென்றால் எச்சில் விழுங்கினாலே சரியாகிவிடும்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். இறுக்கமாக அடைத்திருக்கும் பிளக்கை ஒரே இழுப்பில் எடுத்தால் செவிப்பறை சுருக்கென்று வலிக்கும். மெதுவாக முறுக்கி, காற்று நுழைய இடம் விட்டு, பிறகு வெளியே எடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டுவதைப் பிடிக்க நிற்கும் காவலர், காதில் ஏதோ தெரிந்தால் நிறுத்திக் கேட்கலாம். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பிளக்காக இருந்தால் எடுத்துக் காட்டி விளக்குவது எளிது. வெளிநாட்டில் பைக் வாடகைக்கு எடுப்பவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, கலிஃபோர்னியாவில் ஓட்டும்போது இரண்டு காதையும் அடைப்பது குற்றம். ஆனால் தீங்கான இரைச்சலைக் குறைக்கவென்று செய்த, சைரனையும் ஹார்னையும் கேட்கவிடும் பிளக்குகளுக்கு அங்கே விலக்கு உண்டு.

பராமரிப்பும் காதின் நலமும்

நுரைப்பஞ்சு பிளக் ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்யப்பட்டது. சுத்தமாக வைத்திருந்தால் சில முறை போடலாம், தவறில்லை. அழுக்கு நிறம் ஏறினாலோ, விறைத்துப்போனாலோ, உருட்டியதும் மெதுவாக விரியாமல் அப்படியே நின்றாலோ எறிந்துவிடுங்கள். பழைய மாத்திரை டப்பா ஒன்றில் இரண்டு மூன்று ஜோடிகளைப் போட்டு ஜாக்கெட் பையில் வையுங்கள். சுங்கச்சாவடியில் ஒன்று கீழே விழுந்தால் அதைத் துடைத்து மறுபடி போடும் நிலை வரக் கூடாது. சிலிகோன் பிளக்கை மிதமான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் பெட்டியில் வைக்கலாம். ஈரத்தோடு செருகினால் காதில் பூஞ்சை பிடிக்கும். மழையில் நனைந்து வந்த நாளிலும் காதைத் துடைத்து உலர்த்தியபிறகே பிளக்.

காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், அண்மையில் காது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்காமல் பிளக் போடக் கூடாது. ஏற்கெனவே ஓரளவு செவித்திறன் குறைந்தவர்களும் அப்படியே. குறும்பி அதிகம் சேர்பவர்களுக்கு, பிளக் அதை உள்ளே தள்ளி அடைத்துவிடக்கூடும். அடைப்பு வந்தால் கோழி இறகு, ஹேர்பின், காய்ச்சிய எண்ணெய் என்று வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் மருத்துவரிடம் போங்கள். சில நிமிடங்களில் சுத்தம் செய்துவிடுவார்கள்.

நெடுந்தூரம் ஓட்டுவது வழக்கமாகிவிட்டால், ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சத்தமில்லாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கும் வலியில்லாத சோதனை அது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து எடுக்கும் தாளை அதோடு ஒப்பிட்டு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கீழே இறங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். பயணம் முடிந்து ஒரு நாள் ஆனபின்னும் ரீங்காரம் நிற்கவில்லை, அல்லது ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் சோதனைக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அதற்குப் பைக் காரணமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.